ஆட்டு பாஸு நம்பர் நாப்பத்திரெண்டு

அந்த இங்கிலீஷ் சாரு மேல எனக்கு இன்னும் கோவம் தீரல. தீரவும் கூடாதுன்னுதான் இத்த எழுதி வெக்கிறேன். எனக்கு மறதி ஜாஸ்தியாகினு வருது. மறந்துபோயி ஒரு நாளு கூட்டு ரோட்டுல அந்தாள பாத்து "நல்லா கீறீங்களா சார்"னு கேட்டுட்டேன்னா அத்தவிட அசிங்கம் எனக்கு வேற இல்ல.

எங்க வூட்டு மாடியில மூணு பொண்ணுங்க வாடகைக்கு கீதுங்க. மூணும் காருக்கு உள்ள போற ஒயர கட்டு கட்டா கட்டுற கம்பெனில ட்ரெய்னிங். ரெண்டு வருஷம் வேல செய்யணும், ஞாயித்துக்கெழம கிளாஸுக்குப் போவணும், எல்லாத்துலயும் பாஸானா கடைசில சர்டிபிகேட் குடுப்பாங்களாம். சர்டிபிகேட் வந்தவங்கள கம்பெனியே வெச்சிக்கும். வராதவங்கள "ரிலீவ்"னு ஒரு வார்த்த சொல்லி பஸ் ஏத்தி வுட்ருவாங்க.

அதுல ஒருத்தி திருநெல்வேலி பக்கத்துப் பொண்ணு. ஒல்லிக்குச்சி. அவ அம்மா ஊர்ல பீடி சுத்துது. கணக்கு, மிஷினு, சேஃப்டி எல்லாத்துலயும் அவதான் மொதல்ல. இங்கிலீஷ் மட்டும் ஒதைக்குது. பாஸாயிட்டா செக்கிங் டேபிள்ல ஒக்காரலாம்னு சூப்பர்வைசர் சொல்லி வெச்சிருந்தாராம். "பெயிலானா திரும்பப் போயி பீடித்தட்ட மடியில வெக்க வேண்டியதுதான் ஆச்சி"ன்னு சிரிச்சிகினே சொல்லுவா. ஆனா கண்ணு சிரிக்காது.

என்ன ஆச்சின்னுதான் கூப்புடுவா. நான் ஒண்ணும் அவளுக்குப் பாடம் சொல்லித் தரல. நான் படிச்சது நாலாங்கிளாஸ், அதுவும் முழுசா இல்ல. ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிச்சி மூணு மணிக்கு பஸ்ல எறங்குவா, சோத்தத் தின்னுட்டு புக்க எட்துகினு கீழ வருவா.

"ஆச்சி, ஒத்தையில படிச்சா தூங்கிருதேன். நீங்க பக்கத்துல இருந்து ஏதாச்சும் பேசிக்கிட்டே இருங்க."

"இன்னாடி, நான் இன்னா உனக்கு அலாரமா?"

"அலாரத்த அமத்திரலாம் ஆச்சி. ஒங்கள அமத்த முடியாதுல்லா."

சரின்னு முட்டிக்குத் தைலம் தேச்சிகினு ஒக்காருவேன். அவ ஒரு கதைய இங்கிலீஷ்ல படிச்சி எனக்குத் தமிழ்ல சொல்லுவா. கதைக்குக் கீழ அஞ்சி கேள்வி கேட்ருப்பாங்க. அதுக்குப் பதிலு எழுதணும். ஒரு நாளு வந்த கதையில ஒரு அம்மா பஸ்ல கொடைய வுட்டுட்டு எறங்கிடுது. கண்டக்டரு அடுத்த நாளு எட்தாந்து குடுக்குறாரு. கேள்வி: அந்த அம்மா ஏன் கோவமா இருந்திச்சி?

இவ எழுதிக்கீறா: அவ புருஷன் மட்டமான கொட வாங்கிக் குடுத்துட்டான், அதான் கோவம்.

"அந்த அம்மாவுக்குப் புருஷன் கீறான்னு எங்கடி போட்டுக்கீது?"

"இருப்பாவல்லா ஆச்சி. வயசு நாப்பதுன்னு போட்டுருக்கே."

"நாப்பது வயசானா புருஷன் கூடவே மொளைப்பானா? வெரல வெச்சிக் காட்டு. எந்த வரில கீது?"

மேலருந்து கீழ வரிக்கும் வெரல ஓட்டினா. இல்ல. மூணாவது வரியில இருந்திச்சி, மழயில நனைஞ்சி காச்சலு வந்துச்சாம், அதான் கோவம்.

அதுலேர்ந்து ஒவ்வொரு கேள்விக்கும் நான் கேக்குறது ஒண்ணுதான்: வெரல வெச்சிக் காட்டு. இதுக்குப் படிப்பு இன்னாத்துக்கு? எங்க தெருவுல ஒரு சண்டன்னா இதேதான். "உன்னப் பத்தி அவ இப்புடி சொன்னா"ன்னு எவளாவது வந்தா மொதல்ல கேக்குறது, "நீ கேட்டியா? எங்க நின்னுகினு கேட்ட? கூட யாரு இருந்தாங்க?" முழிச்சான்னா அவளே கட்டுனது.

இன்னொரு பாடம் வந்துச்சி. அடுத்தவங்க சொன்னத நம்ம எழுதினா, யாரு சொன்னது, எந்தப் புக்கு, எந்தத் தேதின்னு கீழ போட்டுடணுமாம். அதுக்கு சோர்ஸுன்னு பேரு. எனக்கு வெளங்கல. அவதான் வெளங்க வெச்சா.

"ஆச்சி, எங்க லைன்ல ஒவ்வொரு ஒயர் கட்டுலயும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவோம். எந்த லைனு, எந்த ஷிப்ட்டு, எந்த ஆளுன்னு அதுல இருக்கும். நாளைக்கு காருக்காரன் பீஸு சரியில்லன்னு திருப்பி அனுப்புனா, ஸ்டிக்கரப் பாத்து யாரு கையின்னு புடிச்சிருவாவ. ஒட்டலைன்னா மொத்த லைனும் திட்டு வாங்கணும். அதான் இது."

"அப்ப பொரளி பேசுறவளுங்க நாக்குலயும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டணும்டி."

"ஒங்க நாக்குக்கு ஒரு ரோல் வேணும் ஆச்சி."

இப்புடித்தான் போயிகினு இருந்திச்சி. ஒரு வாட்டி அந்த ஞாயித்துக்கெழம கிளாஸு இங்கிலீஷ் சாரு ஒரு வேல குடுத்துட்டாரு. நீங்க தங்கியிருக்குற ஊர்ல நடந்த ஒரு உண்மைச் சம்பவத்த ஒரு பக்கம் எழுதிகினு வாங்க, அதுக்குத் தனியா இருவது மார்க்கு. அந்த மார்க்கு வந்தாதான் இவ பாஸு. வந்து குந்திகினா. "ஒரு சம்பவம் சொல்லுங்க ஆச்சி."

நான் ஆட்டுக் கதைய சொன்னேன். கம்பெனிங்க இங்க வர ஆரம்பிச்ச காலத்துல, பூமி பூஜைக்குக் கட்டின வாழமரத்த எங்க ஆடு உள்ள பூந்து தின்னுடுச்சி. நான் பின்னாடியே ஓடினேன். செக்யூரிட்டி என்ன நிறுத்தி நோட்டுல கையெழுத்து வாங்கிகினுதான் உள்ள வுட்டான். இதுவரிக்கும் நெசம். இதுக்கு மேல நான் கொஞ்சம் உப்பு போட்டேன். "பாஸ் இல்லாம யாரையும் வுட மாட்டோம்னு சொல்லி, ஆட்டுக் கழுத்துலயும் ஒரு விசிட்டர் பாஸ் மாட்டி வுட்டான்டி. நம்பர் நாப்பத்திரெண்டு."

வுழுந்து வுழுந்து சிரிச்சா. அத்தயும் சேத்து இங்கிலீஷ்ல எழுதினா. கீழ மறக்காம, வூட்டுக்கார ஆச்சி சொன்னது, இன்ன தேதி, அவங்க வூட்டு வாசல்லன்னு சோர்ஸு போட்டா. எனக்கு ஒரே பெரும. என் வாயும் ஒரு புக்காயிடுச்சேன்னு.

அடுத்த ஞாயித்துக்கெழம பேப்பரு திரும்பி வந்துச்சி. சைபரு. சோர்ஸு வரிய செவப்பு பேனாவால அடிச்சி, என்னமோ எழுதியிருந்தாரு. அவ படிச்சிக் காட்டினா: "இது செல்லாது. இந்த வெசயம் என் கைடுலேர்ந்து காப்பி அடிச்சது."

"எந்தக் கைடுடி?"

அவளுக்கே தெரியல. இவ கைடு வாங்கவே இல்ல. கூட கீற பொண்ணு கிட்ட வாங்கியாந்து பொரட்டினா. சாரு போட்ட புக்கு, அட்டையில அவரு போட்டோ, கைய கன்னத்துல வெச்சிகினு யோசிக்கிற மாதிரி. உள்ள எங்க ஆடு கீது. வாழமரம் கீது. செக்யூரிட்டி கீறான். நான் கூட கீறேன், "ஒரு கிராமத்துக் கெழவி"ன்னு. கீழ சோர்ஸுன்னு போட்டு, நாளிதழ் செய்தியாம். அதுக்குக் கீழ அஞ்சி கேள்வி. நாலாவது கேள்வி: ஆட்டோட பாஸு நம்பர் இன்னா?

எனக்கு உடனே புரிஞ்சிடுச்சி. போன வருஷம் இதே மாடியில இருந்த பொண்ணுக்கும் நான் இதே கதையத்தான் சொன்னேன். அவளும் எழுதிக் குடுத்தா. இந்தாளு அத்த எட்து புக்குல போட்டுகினு, இப்ப இவள திருடின்றாரு.

அந்த நாலாவது கேள்வியக் கேட்டதும் எனக்கு சிரிப்பு வந்துச்சி. அப்பறம் சிரிப்பு நின்னுபோச்சி. ஏன்னா பாஸும் கெடயாது, நம்பரும் கெடயாது. கத சொல்லச் சொல்ல வாயில ஒரு நம்பரு வேணும். மொத மொத இந்தக் கதைய சொன்ன அன்னிக்கு டெய்லரு கிட்ட அளவு குடுத்துட்டு வந்திருந்தேன். நாப்பத்திரெண்டுன்றது என் ஜாக்கெட்டு அளவு. அப்பலேர்ந்து கதையில அதே நம்பருதான். அவ கிட்ட இத்த நான் சொல்லல. உண்மைச் சம்பவம்னு எழுதிக் குடுத்துட்டு நிக்கிறா, எந்த வாயோட சொல்றது?

மொதல்ல மரியாதையாவே போனேன். அடுத்த ஞாயித்துக்கெழம நல்ல பொடவையா கட்டிகினு, ஷேர் ஆட்டோ ஏறி, ஸ்ரீபெரும்புதூர் போற ரோட்டுல கீற அந்த ட்ரெய்னிங் ஹாலுக்கு அவளோட போனேன். சாரு பல்லக் காட்டினாரு.

"இன்னா பாட்டி, நீங்க இவளுக்கு இன்னா வேணும்?"

"வூட்டுக்காரம்மா சார். அந்தக் கத நான் சொன்னது. அவ காப்பி அடிக்கல."

"பாட்டி, இது இங்கிலீஷ் மேட்டரு. நம்பர் கூட மாத்தல பாருங்க. நாப்பத்திரெண்டு. என் புக்குலயும் நாப்பத்திரெண்டு. இதுக்கு மேல இன்னா ப்ரூஃபு வேணும்?"

"உங்க புக்குக்கு எங்கேர்ந்து வந்துச்சி சார்?"

"பேப்பர்ல வந்த நியூஸு. கீழயே போட்டுக்கீறேன், உங்களுக்குப் படிக்கத் தெரிஞ்சா பாத்துக்கோங்க. புக்கு, பேப்பரு, வெப்சைட்டு, இதுதான் சோர்ஸு. வாயால சொல்றதெல்லாம் சோர்ஸு கெடயாது. போங்க, போயி வெளிய ஒக்காருங்க, கிளாஸ் நடக்கட்டும்."

வெளியன்னா எங்க? செருப்பு ஸ்டாண்டு பக்கத்துல. அம்பது பொண்ணுங்க செருப்பு. கிளாஸ் முடியிற வரிக்கும் ரெண்டு மணி நேரம் அங்கயே குந்தினேன். முட்டி வலிக்குது, உள்ள அந்தாளு சத்தமா ஏதோ சொல்றாரு, எல்லாரும் சிரிக்குதுங்க. என்னப் பத்தியோ, இல்லியோ. எனக்கு என்னப் பத்தின்னுதான் பட்டுச்சி. அந்த ரெண்டு மணி நேரத்துல நான் சாமி கும்புடல. ஒரொரு செருப்பா பாத்துகினு, இந்தாள இன்னா பண்ணலாம்னு யோசிச்சிகினே இருந்தேன். சாணி கரைச்சி மேல ஊத்தலாமா, வண்டி டயர்ல காத்த எறக்கலாமான்னு. அப்பறம் தோணிச்சி, சாணி ஒரு பக்கெட்டு தண்ணில போயிடும். இவரு புக்குல போட்டது போவாது.

ஆட்டோல திரும்பி வரும்போது அவ கிட்ட சொல்லிட்டேன். பாஸு பொய்யி, நம்பரு என் ஜாக்கெட்டு அளவுன்னு.

அவ சிரிப்பான்னு நெனச்சேன். மூஞ்சி வெளுத்துடுச்சி.

"பொய்யா சொன்னிய? உண்மைச் சம்பவம்னுல்லா எழுதச் சொன்னாவ! இப்பம் இத வெளிய சொன்னா எனக்கு என்ன மார்க்கு ஆச்சி கெடைக்கும்? காப்பின்னாலும் சைபரு, பொய்யின்னாலும் சைபரு."

"நான் சும்மா தமாஷுக்கு..."

"ஒங்களுக்கு எல்லாமே தமாசுதான். எனக்கு ஊருக்குப் போற பஸ்ஸு."

நாலு நாளு கீழ எறங்கி வரல. மூணு மணிக்கு பஸ் சத்தம் கேக்கும், படியேறுற சத்தம் கேக்கும், கதவு சாத்துற சத்தம் கேக்கும், அவ்ளோதான். நான் மீன் கொழம்பு வெச்சி வாசன மேல போவட்டும்னு பாத்தேன். அதுக்கும் எறங்கல. சாரு மேல இருந்த கோவத்துல பாதி என் மேலயே திரும்பிச்சி. அதுக்கும் சேத்து அந்தாளுதான் அனுபவிக்கணும்னு முடிவு பண்ணேன்.

அஞ்சாவது நாளு நானே முட்டியப் புடிச்சிகினு படி ஏறினேன். கதவத் தொறந்தா, மூட்ட கட்ட ஆரம்பிச்சிக்கீறா. நான் கட்டில்ல குந்திகினு சொன்னேன், "உன் பேப்பர எடு. கடைசி வரில இன்னா எழுதின? வெரல வெச்சிக் காட்டு."

செவப்புக் கோட்டுக்கு அடியில வெரல வெச்சா. "வீட்டுக்கார ஆச்சி சொன்னது."

"அதாண்டி உன் ஸ்டிக்கரு. பீஸு சரியில்லன்னா யாரு கைய புடிப்பாங்க?"

அந்த வரிய இன்னொரு வாட்டி படிச்சா. அப்பறம், "ஒங்க கைய"ன்னா. "ஆச்சி, எல்லாரு முன்னாடியும் ஜாக்கெட் அளவச் சொல்லுவியளா?"

"தெருவுல கீற டெய்லருக்கே தெரியும். இன்னும் நாலு பேருக்குத் தெரிஞ்சா இன்னா கொறைஞ்சிடப் போவுது?"

மாசக் கடைசி ஞாயிறு கம்பெனிலேர்ந்து ஒரு மேடம் வந்து மார்க்கு லிஸ்ட்டப் பாக்கும். அன்னிக்கு போனோம். நான் செருப்ப ஸ்டாண்டுல வுட்டுட்டு நேரா உள்ள போயி மொத பெஞ்சில குந்திட்டேன். சாரு எட்டிப் பாத்து, "பாட்டி, வெளிய"ன்னாரு. மேடம் யாருன்னு கேட்டுச்சி. நான் எழுந்து கும்புட்டு, சாரு எனக்கு சோர்ஸுன்னா இன்னான்னு சொல்லிக் குடுத்தாரு மேடம், அத்த ஒப்பிக்க வந்தேன்னு சொன்னேன். பொண்ணுங்க கொல்லுன்னு சிரிச்சிதுங்க. மேடமும் லேசா சிரிச்சிட்டு, "சொல்லுங்கம்மா"ன்னுச்சி.

போன வருஷத்துப் பொண்ணு எழுதிக் குடுத்ததயும் சேத்து வெவரத்தச் சொன்னேன். சாரு அதே பாட்டத்தான் பாடினாரு. "மேடம், நம்பரப் பாருங்க. நாப்பத்திரெண்டு. ரெண்டுலயும் நாப்பத்திரெண்டு. காப்பி இல்லாம எப்புடி?"

இன்னும் ரெண்டு வாட்டி சொல்லட்டும்னு நான் காத்துகினு இருந்தேன். சொன்னாரு. கரும்பலகையில கூட எழுதினாரு, பெருசா.

அப்பறம் நான் இடுப்புலேர்ந்து அந்தப் பழைய டெய்லரு சீட்ட எட்து மேடம் கையில குடுத்தேன். "சோர்ஸு மேடம். கட பேரு கீது, தேதி கீது. மேலருந்து ரெண்டாவது வரியில வெரல வெய்யுங்க."

மேடம் படிச்சிச்சி. கரும்பலகையப் பாத்துச்சி. திரும்பி சீட்டப் பாத்துச்சி. ஒதட்டக் கடிச்சிகினு, "அம்மா, இது..."

"என் ஜாக்கெட்டு அளவு மேடம். ஆட்டுக்குப் பாஸும் கெடயாது, நம்பரும் கெடயாது. அன்னிக்கு அங்க சுவரே கெடயாது, ஒரு நோட்டும் ஒரு செக்யூரிட்டியும்தான். நான் வாயால போட்டது அது. எந்தப் பேப்பர்காரனுக்கும் நான் அளவு குடுத்ததில்ல. சாரு எந்தப் பேப்பர்ல படிச்சாரு, எந்தத் தேதின்னு கேட்டுச் சொல்லுங்க. நானும் அந்தப் பேப்பர வாங்கிப் பாக்கணும்."

ஹாலே அதிர்ந்திச்சி. பின் பெஞ்சில ஒருத்தி, "அய்யோ, நான் பரீட்சையில அத்த எழுதி ரெண்டு மார்க்கு வாங்கினேன்"னு கத்தினா. சாரு மூஞ்சி செவப்பு பேனா கலருக்குப் போயிடுச்சி. கரும்பலகைய அழிக்கப் போனாரு. மேடம், "இருக்கட்டும் சார்"னுச்சி.

ஆனா அந்தாளு சாதாரண ஆளில்ல. சட்டுன்னு திரும்பி, "சரி மேடம், பொய்யின்னு அவங்களே ஒத்துகினாங்க. நான் கேட்டது உண்மைச் சம்பவம். அப்பயும் இந்தப் பொண்ணுக்கு சைபருதான"ன்னாரு.

மேடம் மார்க்கு லிஸ்ட்டத் திரும்பப் பாத்துச்சி. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவ எழுந்துட்டா. பேப்பரக் கையில எட்துகினு பேசினா.

"மேடம், நான் பாத்தேன்னு எழுதல. ஆச்சி சொன்னாவன்னு எழுதினேன். எந்த நாளு, எந்த எடம்னும் எழுதினேன். அது உண்ம. பொய்யின்னா அது அவிய பொய்யி. நான் ஸ்டிக்கர் ஒட்டித்தான் குடுத்தேன். சார்தான் கிழிச்சிட்டாவ."

மேடம் ஒயர் கம்பெனி மேடம். ஸ்டிக்கரு கிழிச்சதுன்னா அவங்களுக்கு எப்புடி ஏறும்னு எனக்கு அப்பதான் தெரிஞ்சிது. அந்த செவப்புக் கோட்ட வெரலால தடவிப் பாத்துட்டு, "இத்த நான் எட்துகினு போறேன் சார். வேற ஆளு திருத்தட்டும்"னுச்சி. அப்பறம் என்னப் பாத்து, "நீங்க இனிமே பசங்களுக்கு சம்பவம் சொல்லும்போது பொய்யெது நெசமெதுன்னு சொல்லிடுங்கம்மா"ன்னுச்சி. தலைய ஆட்டினேன். அந்தத் திட்டு எனக்கு வேண்டியதுதான்.

சாரு வெளிய வந்து தனியா, "மன்னிச்சிக்கோங்கம்மா, ஏதோ பழைய பேப்பர்னு நெனச்சி"ன்னு இழுத்தாரு. பாட்டி போயி அம்மா வந்துடுச்சி.

"எனக்கு உன் மன்னிப்பு வேணாம் சார். மீதி கீற கைடு எல்லாத்துலயும் அந்த நாளிதழ் வரி மேல லேபிள் ஒட்டு. சொன்னது நானு, எழுதினது போன வருஷத்துப் பொண்ணு, ரெண்டும் வரணும். நம்பரு பொய்யின்னும் வரணும்."

"அவ்ளோ புக்கும் எப்புடிம்மா..."

"கையாலதான்."

அதுக்குள்ள மேடமும் வெளிய வந்து கேட்டுகினு நிக்கிது, அதனால மறுக்க முடியல. நோட்டுக்கு ஒட்டுற லேபிள் வாங்கியாந்து அடுத்த ஞாயிறு ஒக்காந்து எழுதினாரு. நான் வேணும்னே போயிருந்தேன். உள்ள பரீட்ச நடந்ததால அவருக்கு எடம் கெடச்சது அந்த செருப்பு ஸ்டாண்டு பக்கத்துலதான். நான் எடம் பாத்துக் குடுக்கல. சத்தியமா. ஆனா ஒரு நாற்காலி காலியாத்தான் இருந்திச்சி, அத்த நான் போட்டுகினு எதுக்க குந்தினேன். ஒரு லேபிள் கோணலா ஒட்டினாரு. "கிழிச்சி ஒட்டு சார்"னேன். கிழிச்சி ஒட்டினாரு.

திருத்தின மார்க்கு வந்துச்சி. இருவதுக்குப் பதிமூணு. சம்பவத்துக்குக் கொறச்சிட்டாங்க, சோர்ஸுக்கு முழு மார்க்கு. அவளுக்குத் தேவ பன்னெண்டு. ஒரு மார்க்குதான் மிச்சம். அத்தக் கேட்டுட்டு அவ மாடிப்படியிலயே குந்தி அழுதா. அம்மாவுக்குப் போன் போட்டு, "அம்மா, நான் வரல, இங்கயே இருக்கேன்"னு மட்டும் சொன்னா. அந்தப் பக்கம் அவ அம்மா இன்னா சொல்லிச்சோ, மறுபடியும் அழுதா.

சர்டிபிகேட்டு குடுக்குற அன்னிக்கு மேடைல நின்னு குடுக்குறது அந்த சாருதான். அவ பேரக் கூப்புட்டாங்க. யூனிஃபார்ம் போட்டுகினு விறுவிறுன்னு ஏறினா. அந்தாளு நீட்டினாரு, வாங்கினா. எல்லாரும் கை தட்டி நிறுத்திட்டாங்க. நான் நிறுத்தல. அவ எறங்கி வந்து எடத்துல ஒக்காந்தும் நிறுத்தல. சாரு அடுத்த சர்டிபிகேட்ட கையில வெச்சிகினு, எப்ப முடிப்பேன்னு என்னையே பாத்துகினு நின்னாரு. நல்லா நிக்கட்டும்னு தட்டிகினே இருந்தேன்.